எட்டுப் பேர், ஏழு நெறை

'அண்ணே' என்று கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். காது கேளாதவர் போல டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். இன்னொரு முறை கூப்பிட்டால் தலையைத் தூக்கி, "அண்ணேன்னு ஈப்போவுல பத்தாயிரம் பேரு இருக்கான். எனக்குன்னு ஒரு பேரு இருக்குலா" என்பார். வெறும் பெயரும் போதாது. அப்பா பெயரோடு சேர்த்து, இன்னார் மகன் இன்னார் என்று முழுதாகச் சொல்ல வேண்டும். சொன்னால் உடனே முகம் மலர்ந்துவிடும். "ஆங், சொல்லு" என்பார்.

பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காக்கா கடை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, இருந்தது. ஒருநாள் கடைக்காரர் வேலை மும்முரத்தில், "டிரம்பெட்டு! மீ கோரெங் ரெடி!" என்று கத்தினார். இவர் அசையவில்லை. வறுத்த மீ நூடுல்ஸ் ஆறிப்போய்க்கொண்டிருக்கிறது. எனக்கோ பசி. நான் எழுந்து எடுக்கப் போனால் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்துக் கடைக்காரரே வெளியே வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கோர்ட்டில் கூப்பிடுவது போல அப்பன் பெயரோடு முழுப்பெயரையும் கூவினார். கடையே சிரித்தது. இவர் எழுந்து போய்த் தட்டை வாங்கிவந்து, ஜில்லிட்டுப்போன மீயை ஒரு இழை விடாமல் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் பெயர் இந்தச் சித்திரத்தில் வராது. காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லும்போது கோபம் வரும் என்று நினைத்தேன். இப்போதே வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தோம். பேண்டின் பெயரே 'எட்டுப் பேர்'தான். பெயர் வைத்தவர் அவர். "ஒருத்தன் முன்னால நின்னு பாடுறான், மத்தவனெல்லாம் பின்னால தூசி மாதிரி நிக்கிறான், அந்தக் கதை நமக்கு வேணாம். எட்டுப் பேருன்னா எட்டுப் பேரு" என்றார். நான் பகலில் ஒரு பஸ் கம்பெனியில் கிளார்க்கு, சாயங்காலம் பேஸ் கிட்டார். மற்ற தமிழ் பேண்டுகள் சினிமாப் பாட்டுகளை அப்படியே வாசித்துக்கொண்டிருந்த காலம். எங்களிடம் டிரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன் மூன்றும் முன்னால் நிற்கும். அமெரிக்கக் கறுப்பர்களின் சோல், ஃபங்க் இசைத்தட்டுகள் சிங்கப்பூர் வழியாக வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றை ஒரு சீனர் கடை வாசலில் நின்று கேட்டுவிட்டு, அன்று மத்தியானம் வேலைக்கே போகவில்லை அவர்.

"இவனுங்களும் நம்மள மாதிரிதான் மச்சான். அவனுங்க தோட்டத்துல பஞ்சு எடுத்தானுங்க, நாம ரப்பர்ப் பால் எடுத்தோம். அதான் இந்த ஊது ஊதுறானுங்க."

அவர் ஊதக் கற்றது சாவு வீடுகளில். பதினாறு வயதில் ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, ஒரு கார் பட்டறையில் நெளிந்த தகடு தட்டும் வேலைக்குச் சேர்ந்தார். பட்டறைக்குப் பின்னால் சீனர்களின் சாவு பேண்டு ஒன்று இருந்தது. அங்கே டிரம்பெட்டைப் பிடித்தவர், பிறகு விடவில்லை. வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான், தலையில் தொப்பி. சீனர் சாவுக்கும் போவார், தோட்டங்களில் தமிழர் சாவுக்கும் போவார். சுங்கை சிப்புட்டிலிருந்து ஆயர் தாவார் வரைக்கும் அவர் ஊதிச் சவப்பெட்டி தூக்காத தோட்டம் குறைவு. பெட்டியைத் தூக்கும் நேரத்துக்கென்று அவரே கட்டிய ஒரு மெட்டு உண்டு. மெதுவாக, படி இறங்குவது போல இறங்கும். அது கேட்டால் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள்கூட எழுந்துவிடுவார்கள்.

டிரம்பெட்டை யார் கேட்டாலும் கொடுப்பார். அதன் வாய்ப்பகுதியை மட்டும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கொடுப்பார். "கொழாய் யாரோடதா வேணா இருக்கட்டும். வாய் என்னோடது."

பயிற்சிக்கு அவர் எங்களை ஹாலுக்குக் கூட்டிப்போகவில்லை. ஊருக்கு வெளியே ஈயம் எடுத்துக் கைவிட்ட குளம் ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலை. ஊதுகிற மூவரும் குளக்கரையில் மலையைப் பார்த்து நின்று, ஒரே ஒரு சுரத்தை வெட்டினாற்போல ஊதி நிறுத்த வேண்டும். மூவரும் சேர்ந்து தொடங்கிச் சேர்ந்து நிறுத்தினால் மலை அதை ஒரே குரலாகத் திருப்பித் தரும். ஒருவர் மயிரிழை பிந்தினாலும் எதிரொலி கிழிந்து வரும். "மறுபடி" என்பார். வெயில் மண்டையைப் பிளக்கும். "மறுபடி." டிராம்போன்காரர் ஒருநாள் குளத்தில் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று கருவியை ஓங்கியே விட்டார். இவர் சிரித்தார். "என்னைத் திட்டி என்னா லா பண்றது? மலைகிட்ட போய்ச் சண்டை போடு. அதுக்கு நீ யாரு மவன்னு தெரியாது. சரியா ஊதுனா சரியாத் திருப்பிக் கொடுக்கும்."

யார் மகன் என்பது மலைக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். இங்கேதான் என் கதையும் வருகிறது.

அவர் பிறந்த தோட்டத்தில் என் அப்பா கிராணி, ஆள் கணக்கு எழுதுகிறவர். விடிவதற்கு முன், பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். என் அப்பா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செக்ரோல் பேரேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று பதில் வரும். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தில் இருந்த அவருடைய அப்பா, தோட்டத்துச் சாவுகளுக்குத் தப்படிப்பவர். அவர் முறை வந்ததும் என் அப்பா பெயரைச் சொல்லமாட்டார். "மோளம்!" என்பார். "இருக்கேங்க" என்று அந்த மனிதரும் சொல்வார். செக்ரோலில் பெயர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. என் அப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கூப்பிடுவதற்குத்தான் நாக்கு வரவில்லை. ஏழு வயதில் நானும் "ஏய் மோளம்" என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். என்னை யாரும் அடிக்கவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேண்டில் சேரப் போன முதல்நாளே மகன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கிராணி மவனா நீ? சரி. என் பேரைச் சொல்லு பார்ப்போம்." சொன்னேன். "அப்பா பேரோட." சொன்னேன். "இன்னொரு வாட்டி." மூன்று முறை சொல்ல வைத்தார். பிறகு கையை நீட்டிக் குலுக்கிவிட்டு, "கணக்கு முடிஞ்சிச்சு. உக்காரு" என்றார். அதற்குப் பிறகு ஒரு தரம்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் முடித்துக்கொண்டார். நான்தான் மறுபடி ஆரம்பித்தேன்.

எங்கள் முதல் கேசட்டை எடுக்க ஒரு கேசட் கடை முதலாளி முன்வந்தார். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பெயர். ஸ்டூடியோ என்பது மாடியில் ஒரு அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை. ஊதுகிற மூவருக்கும் சேர்த்து ஒரே மைக். தன்னுடைய சத்தம்தான் பெரிது என்று அவராகவே இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். மற்ற இருவரும் முன்னால். இரண்டே நாளில் எட்டுப் பாட்டு. அத்தனைக்கும் ஊதல் பகுதிகளைக் கட்டியவர் அவர்தான். எழுதி வைக்கமாட்டார், வாயாலேயே 'பப்பர பாப்பா' என்று பாடிக் காட்டுவார்.

முதல் பாட்டின் தொடக்கத்தில் மூன்று ஊதலும் சேர்ந்து பாயும் ஒரு இடம் உண்டு. கேட்டால் கால் தானாக ஆடும். இரண்டாம் முறை எடுக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"இது... பெட்டி தூக்குறப்ப ஊதுவீங்களே, அதுதானே?"

அவர் கண் பளிச்சிட்டது. "கண்டுபிடிச்சிட்டியா! எங்கப்பா சாவுக்குக் கட்டுனது. மெதுவா ஊதுனா சாவு, வெரசா ஊதுனா கல்யாணம். ஊதுறவன் ஒரே ஆளுதான். யாருகிட்டயும் சொல்லாதே, அவனுங்களாக் கண்டுபிடிக்கட்டும்."

கவர் படத்துக்குப் பாடகர் டிரம்பெட்டைக் கேட்டார். பாடகர் பார்க்க லட்சணமாக இருப்பார். "கையில இருந்தா ஸ்டைலா இருக்கும்லா" என்றார். இவர் வழக்கம்போல வாயைக் கழற்றிக்கொண்டு கொடுத்தார். அந்தப் படம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. பாடகர் கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயில்லாத வெறும் குழாயை உதட்டில் வைத்திருக்கிறார். ஊதத் தெரிந்தவன் எவன் பார்த்தாலும் காறித் துப்புவான்.

பெயர்களை எழுதும் வேலை எனக்கு வந்தது. கையால் எழுதியதை அப்படியே அட்டையில் அச்சடிப்பார்கள். அப்பாவின் கையெழுத்து அப்படியே எனக்கும். எட்டுப் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவர் பெயரை மட்டும் கேட்டபடியே அப்பா பெயரோடு முழுதாக எழுதி, கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இது வேணாமே."

"ஏன் முதலாளி?"

"சாவுக்கு ஊதுற ஆளு. பேராக் மாநிலத்துல யாருக்குத் தெரியாது? அதுலயும் அப்பன் பேரு வேற போட்டிருக்கே. எந்த லயத்து ஆளுன்னு படிச்ச ஒடனே தெரிஞ்சிடும். கல்யாண வீட்டுல யாரு இதை வாங்கிப் போடுவா? எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, நான் அதெல்லாம் பாக்குறவன் இல்ல. சனங்க பாப்பாங்க. சூசா லா, கஷ்டம்."

நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்லை! இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். சொல்கிறவன் அடுத்த மூச்சில் அதைத்தான் பார்ப்பான். கல்யாண வீட்டில் ஆடப்போகும் பாட்டே சாவு மெட்டுதானய்யா என்று நான் அந்த ஆளிடம் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை. மெதுவாக இதை மட்டும் கேட்டேன்:

"பேண்டு பேரு எட்டுப் பேரு. கீழ ஏழு பேருதான் இருக்கும் முதலாளி."

"யாருலா எண்ணிப் பாக்கப் போறாங்க?"

அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டேன். அவர் மேசையில் இருந்த வேறொரு தாளை எடுத்து, முத்து முத்தாக ஏழு பெயரை எழுதினேன். மூன்றாவதாக என் பெயர்.

மற்ற ஆறு பேரிடமும் சொன்னேன். ஒருவன் தரையைப் பார்த்தான். ஒருவன் சிகரெட் பற்றவைத்தான். பாடகர் மட்டும், "அடுத்த கேசட்டுல மொதப் பேரா அவரு பேரைப் போட்டுருவோம் மச்சான்" என்றார். அவரிடம் போய்ச் சொல்லும் யோக்கியதை ஒருவனுக்கும் இல்லை.

கேசட் வந்த அன்று அவர் ஒன்றை வாங்கினார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கவில்லை. "எங்கம்மாதான் பிரிக்கணும். வண்டிய எடு, போலாம்" என்றார். என்னுடைய மோட்டார் சைக்கிள்தான். மறுத்திருக்கலாம், வழியில் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து முதல் பாட்டை விசிலடித்துக்கொண்டே வந்தார். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனை வைத்திருந்தார்கள். கடைசி லயம் மட்டும் அப்படியே இருந்தது.

அவர் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேசட்டை வாங்கிக்கொண்டார். முப்பது வருடம் பால் வெட்டிய கை. நகத்தால் பிளாஸ்டிக்கைக் கிழித்து, உள்ளே மடித்திருந்த அட்டையை விரித்தார். எழுத்துத் தெரியாதவர். ஆனால் எண்ணத் தெரியாத பால்வெட்டி உண்டா? மரங்களை நெறை நெறையாக, வரிசை வரிசையாக எண்ணியே வாழ்ந்தவர். ஒவ்வொரு பெயர் மேலும் ஆள்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழாக இறங்கினார். கடைசியில் விரல் நின்றது. மறுபடி மேலே போய் இறங்கினார்.

"எட்டுப் பேருன்னு சொன்னியேப்பா. ஏழு நெறைதான் இருக்கு."

மகன் சிரித்துக்கொண்டே அதை வாங்கினார். மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். படித்து முடித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓங் கையெழுத்தா?"

"ஆமா."

நான் அடியை எதிர்பார்த்து நின்றேன். அவர் அம்மாவிடம் திரும்பினார். "அச்சடிக்கிறப்ப விட்டுப்போச்சும்மா. அடுத்ததுல வந்துரும்."

"மத்த ஏழும் விட்டுப்போவலயே" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார். அந்தத் தேத்தண்ணியை நான் குடித்தேன். அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

திரும்பி வரும்போது விசில் இல்லை. ஈப்போவில் இறங்கியதும், "ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். வாசலில் முதலாளி சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டங்களிலிருந்து லாரி பிடித்துச் சனம் வந்திருந்தது. முன் வரிசையில், ஓய்வு பெற்ற என் அப்பா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். இவர் சொன்னபடி வந்தார். ஏழு பாட்டுக்கும் ஒரு பிசகில்லாமல் ஊதினார். கடைசியாக முதல் பாட்டு. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கினார். இவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பின்வரிசையிலிருந்து நடந்து, பாடகரைத் தாண்டி, மேடையின் விளிம்புக்கு வந்தார். தனியாக ஊதினார். மெதுவாக.

மண்டபத்தில் சலசலப்பு அடங்கியது. கடைசி வரிசையில் ஒரு கிழவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக. தகப்பனுக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் அந்த மெட்டில்தானே பெட்டி தூக்கினார்கள்! யாரும் யோசித்து எழவில்லை, உடம்பு எழுந்தது. பெயரை அட்டையில் பார்த்தால் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று முதலாளி சொன்ன அதே சனம். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். முன்வரிசையில் என் அப்பாவும் எழுந்து நின்றார். என் அம்மாவின் பெட்டியைத் தூக்கியபோதும் இவர்தான் ஊதியிருந்தார்.

ஊதி முடித்ததும் மைக் பக்கம் வந்தார். பெரட்டில் கூப்பிடுகிற அதே தொனியில் அப்பா பெயரைச் சொல்லி, "மகன்" என்று நிறுத்தி, தன் பெயரைச் சொன்னார். "இருக்கேன்" என்றார். வாயைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா இப்படியா லா செய்றது?" என்று ஒருவர் முணுமுணுத்தார். அவரும் எழுந்து நின்றவர்தான்.

கேசட் விற்காமல் போய்விடும் என்று முதலாளி பயந்தார். எங்கே போகும்? சனம் வாங்கியது. சிலிம் ரிவரிலிருந்து தைப்பிங் வரைக்கும் கல்யாண வீடுகளில் முதல் பாட்டுக்குத்தான் ஆட்டம். இரண்டாம் தடவை அச்சடிக்க வேண்டி வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. அவரு பேரையும் சேத்து எழுதிக் குடுத்துடு தம்பி" என்றார். பெரிய மனசு!

பட்டறையில் விசாரித்து, குளக்கரைக்குப் போனேன். தனியாக மலையைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தார். முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினார். விஷயத்தைச் சொன்னேன். மடித்து வைத்திருந்த அந்தப் பழைய தாளையும், எட்டுப் பெயர் எழுதியதை, எடுத்துக் காட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. "என் பேரை இனிமே ஓங் கையால எங்கயும் எழுதாதே" என்றார்.

"அப்ப நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்றேன்."

மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "செய்வியா? அப்ப ஓம் பேரை எடுத்துடு. ஆறு நெறை இருக்கட்டும். எங்கம்மா எண்ணிப் பாக்கட்டும்."

அவ்வளவுதான் கேட்டார். பணமா கேட்டார், காலில் விழச் சொன்னாரா? ஒரு வரியை அடிப்பதற்கு ஒரு நொடி போதும். அடுத்தநாள் முதலாளியின் மேசையில் உட்கார்ந்தேன். பேனா கையில். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெண் வீட்டில் கேசட்டைக் காட்டி, மாப்பிள்ளை பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று அப்பா பீற்றிக்கொண்டிருந்தார். இப்படி ஆயிரம் சப்பைக்கட்டு கட்டலாம். இரண்டாம் பதிப்பும் ஏழு பெயரோடுதான் வந்தது. மூன்றாவதாக என் பெயர்.

எங்களோடு அவர் பிறகு ஊதவில்லை. அடுத்த கேசட் என்று ஒன்று வரவே இல்லை. சாவு வீடுகளுக்கு மட்டும் கடைசி வரை போய்க்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். எண்பதுகளின் நடுவில் அவரே போனபோது ஊத யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அவர் பெயரை என் கையால் எழுதக் கூடாது என்பது உத்தரவு. அதனால்தான் இத்தனை பக்கத்திலும் அது இல்லை. இதைப் பத்திரிகைக்குக் கொடுத்தபோது ஆசிரியரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன்: மேலேயும் கீழேயும் எங்கேயும் என் பெயர் வரக் கூடாது.

"பேரு இல்லாம எப்படிங்க போடுறது? யாரு எழுதுனதுன்னு கேப்பாங்களே" என்றார் அவர்.

"கேக்கட்டும்" என்றேன்.